கல் ஓங்கியவன் மட்டும் ஏன் குரங்கு?

கேள்வி: 'பஞ்ச்' என்ற லண்டன் நகைச்சுவைப் பத்திரிகையில் வந்த பழைய கேலிச்சித்திரம் ஒன்றைப் பார்த்தேன். குரங்கு மூஞ்சிக்காரன் ஒருவன் கல்லோடு நிற்கிறான், அழுகிற பெண்ணை வாளேந்திய இன்னொருத்தி அணைத்துக்கொண்டு நிற்கிறாள். என்ன கதை இது?

பதில்: 1881 அக்டோபர் 29 தேதியிட்ட படம். வரைந்தவர் ஜான் டென்னியல், 'ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்' கதைக்குப் படம் போட்ட அதே மனிதர்தான். வாளேந்தியவள் பிரிட்டானியா, அதாவது பிரிட்டன்; வாளில் 'சட்டம்' என்று எழுதியிருக்கும். அழுபவள் ஹைபர்னியா, அதாவது அன்று பிரிட்டன் ஆட்சியில் இருந்த அயர்லாந்து. கல்லோடு நிற்பவனும் அயர்லாந்துக்காரன்தான், ஆனால் அவன் தொப்பியில் 'அராஜகம்'! சரி, இப்போது பிரிட்டானியாவின் காலடியைப் பாருங்கள், மிதிபடும் காகிதத்தில் 'லேண்ட் லீக்' என்று இருக்கும். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

லேண்ட் லீக் 1879-ல் தொடங்கிய அயர்லாந்துக் குத்தகை விவசாயிகளின் இயக்கம், தலைவர் பார்னெல். விளைச்சல் பொய்த்துக் குத்தகை கட்ட முடியாதவர்களை வீட்டோடு வெளியேற்றிக்கொண்டிருந்த காலம் அது. மேயோ பகுதியில் கேப்டன் பாய்காட் என்ற நில ஏஜென்டை 1880-ல் ஊரே ஒதுக்கிவைத்தது: அறுவடைக்கு ஆள் கிடையாது, கடையில் சாமான் கிடையாது. பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டன் 1881 மார்ச்சில் விசாரணையே இல்லாமல் சிறையில் வைக்க ஒரு சட்டம் போட்டார், ஆகஸ்டில் நியாயமான குத்தகையை நீதிமன்றமே நிர்ணயிக்க இன்னொரு சட்டம் போட்டார். அக்டோபர் 13-ல் பார்னெல் கைது, 20-ல் லீக்குக்குத் தடை, அடுத்த ஒன்பதாம் நாள் இந்தப் படம்.

கோடுகளில் டென்னியலை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் படத்தில் நில உடைமையாளர் எங்கே? இடிக்கப்பட்ட குடிசை எங்கே? அழுதால் நல்ல அயர்லாந்து, கேட்டால் குரங்கு, அவ்வளவுதான்.

கேள்வி: பார்னெலையும் 'பஞ்ச்' விட்டுவைக்கவில்லையாமே? அயர்லாந்துக்காரர்கள் சும்மாவா இருந்தார்கள்?

பதில்: 1882 மே 6 அன்று டப்ளின் ஃபீனிக்ஸ் பூங்காவில் இரண்டு உயர் அதிகாரிகள் குத்திக் கொல்லப்பட்டார்கள். கொன்றது 'இன்வின்சிபிள்ஸ்' என்ற ரகசியக் குழு, பார்னெல் அதைப் பகிரங்கமாகவே கண்டித்தார். ஆனாலும் இரண்டே வாரத்தில், ரத்தம் சொட்டும் கத்தியோடு ஒரு பூதமும், அதை உருவாக்கிவிட்டுப் பயந்து ஒடுங்கும், நாவலில் வரும் விஞ்ஞானி ஃபிராங்கன்ஸ்டைனாகப் பார்னெலும் 'பஞ்ச்'சில் வந்துவிட்டார்கள்.

டப்ளின் பத்திரிகைகளும் சளைக்கவில்லை. 'வீக்லி ஃப்ரீமன்' கலரிலேயே படம் போட்டது. அங்கே விவசாயி லட்சணமாக இருப்பான், ஏரின் என்ற அயர்லாந்துத் தாய் கம்பீரமாக நிற்பாள், கோரமுகமெல்லாம் நில உடைமையாளருக்கும் போலீசுக்கும்தான். அதுவும் பாரபட்சமில்லாத படம் என்று நான் சொல்லமாட்டேன்!