அழைப்பு வராத விண்ணப்பங்கள்

வாசகர் கேள்வி – பதில்: வேலைவாய்ப்பு

கேள்வி: நான் பி.காம். பட்டதாரி. ராணிப்பேட்டை சிப்காட்டில் உள்ள காலணித் தொழிற்சாலை ஒன்றின் கணக்குப் பிரிவில் நான்கு ஆண்டுகள் பணியாற்றினேன். தாயாரின் உடல்நலக் குறைவால் வேலையை விட்டுவிட்டு இரண்டாண்டுகள் வீட்டில் இருந்தேன். இப்போது மீண்டும் வேலை தேடுகிறேன். பிரவுசிங் சென்டரில் வண்ணப் பட்டைகளும் புகைப்படமுமாக அழகாகத்தான் ரெஸ்யூமே தயாரித்துக் கொடுத்தார்கள். அதை வைத்து இணையத்தில் பல நிறுவனங்களுக்கு விண்ணப்பித்தும் ஓரிடத்திலிருந்தும் அழைப்பு வரவில்லை. இரண்டாண்டு இடைவெளியை மறைத்துவிடலாமா? என் பெயரோடு இனிஷியல் மட்டுமே உண்டு; படிவங்களோ கடைப்பெயரையும் (லாஸ்ட் நேம்) கேட்கின்றன. சான்றிதழ்களில் வேலூர் மாவட்டம் என்றிருப்பதும் சிக்கலாகுமா?
– வாசகி, வாலாஜாபேட்டை

பதில்: அந்த அழகுதான் முதல் தடை என்று தோன்றுகிறது. இணையத்தில் வரும் விண்ணப்பங்களைப் பெரும்பாலான பெரிய நிறுவனங்களில் முதலில் ஒரு மென்பொருள் வாங்கி, பெயர், படிப்பு, அனுபவம், திறன் எனப் பிரித்து அடுக்கி வைக்கிறது. அதுவே எல்லாவற்றையும் நிராகரித்துவிடுகிறது என்று சிலர் பயமுறுத்துவது மிகை. ஆனால் ஆள் எடுப்பவர் ‘டேலி’ (கணக்கு மென்பொருள்), ‘ஜிஎஸ்டி’ என்று சொற்களைக் கொடுத்துத் தேடும்போது, சரியாகப் பிரிபடாத ரெஸ்யூமே அவர் கண்ணிலேயே படாமல் போய்விடும். இடம், வலம் என இரண்டு பத்திகளாகப் பிரித்த பக்கம், கட்டங்களுக்குள் எழுதிய விவரம், படமாக ஒட்டிய எழுத்து ஆகியவையே பெரும்பாலும் இதற்குக் காரணம்.

உங்களுடையது எப்படி என்பதை நீங்களே சோதிக்கலாம். பிடிஎஃப் கோப்பைத் திறந்து, முழுவதையும் நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். இடப்பக்கத்துத் தொலைபேசி எண் வலப்பக்கத்துக் கல்லூரிப் பெயருக்கு நடுவே போய் விழுந்தால் அமைப்பு தவறு. எதுவுமே ஒட்டவில்லை என்றால் அது வெறும் ஸ்கேன் செய்த படம். அப்படியானால், வேர்டில் இடம், வலம் எனப் பிரிக்காமல், மேலிருந்து கீழாகப் புதிதாகத் தட்டச்சு செய்து, அங்கிருந்தே பிடிஎஃப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது உள்ளடக்கம். நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் தயாராகும் பயோடேட்டாவுக்கும், திருமணத் தகவல் மையத்தில் கொடுக்கும் குறிப்புக்கும் பெரிய வேறுபாடு இருப்பதில்லை. தந்தையின் தொழில், மதம், திருமண நிலை ஆகியவை வேலைக்குத் தேவையில்லை. ஆதார் எண்ணை எழுதவே கூடாது. ‘கடின உழைப்பாளி, விரைவில் கற்றுக்கொள்பவர்’ என்ற வரிகளை எல்லோரும் எழுதுவதால் அவற்றை யாரும் படிப்பதில்லை. ‘கணக்குப் பிரிவில் பணி’ என்று முடித்துவிடாமல், ‘தோல், ரசாயனக் கொள்முதல் பில்களை டேலியில் பதிவு செய்தேன், அனுப்பும் சரக்குக்கு இ-வே பில் எடுத்தேன், ஒவ்வொரு மாதமும் 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி கணக்குப் படிவமான ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலாவதற்கான விவரங்களைத் தயாரித்துக் கொடுத்தேன்’ என்பது போல, உண்மையில் செய்தவற்றை மட்டும் எழுதுங்கள். விளம்பரத்தில் கேட்டிருக்கும் சொல் உங்கள் வேலைக்கும் பொருந்துமானால், அதே சொல்லைப் பயன்படுத்துங்கள்.

இடைவெளியை மறைக்க வேண்டாம். வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் நீங்கள் சேர்ந்த நாளும் விலகிய நாளும் பதிவாகியிருக்கும் என்பதால், தேதியை நீட்டி எழுதினால் பணியில் சேரும் நேரத்தில் அது வெளிப்பட்டுவிடும். ‘குடும்பப் பொறுப்பு’ என்று ஆண்டுகளோடு ஒரு வரி போதும்.

பெயர் விஷயத்தில் பான் அட்டையைப் பின்பற்றுங்கள். அதில் இனிஷியலை விரித்தே எழுதியிருப்பார்கள். அந்த எழுத்துக்கூட்டலையே கடைப்பெயர் கட்டத்திலும் ரெஸ்யூமேயின் தலைப்பிலும் கொடுங்கள். ஆதாரிலும் வைப்பு நிதிக் கணக்கிலும் வேறு விதமாக இருந்தால், வேலை கிடைப்பதற்கு முன்பே திருத்திக்கொள்வது நல்லது. பிறகு அதற்கு நேரம் இராது. மாவட்டத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். 2019-இல்தான் வேலூர் மூன்றாகப் பிரிந்தது என்பதால், பழைய சான்றிதழில் வேலூர் என்றிருப்பது இயல்பு. அதற்கும் முந்தைய மாவட்டப் பெயரான வட ஆற்காடு என்றிருக்கும் சான்றிதழை வைத்துக்கொண்டு இன்றும் வேலை பார்ப்பவர்கள் எத்தனையோ பேர். இன்றைய முகவரியில் ராணிப்பேட்டை மாவட்டம் என்றே எழுதுங்கள்.

கேள்வி: வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்திருக்கிறேன். தனியார் வேலைக்கு அது போதாதா? ஒரு நிறுவனம் ரெஸ்யூமேயைப் பார்த்துவிட்டு, பதிவுக் கட்டணம் கேட்கிறதே?
– வாசகர், காட்பாடி

பதில்: போதாது. அந்தப் பதிவு முக்கியமாக அரசுப் பணிப் பரிந்துரைக்கானது. தனியார் வேலைக்குத் தமிழ்நாடு அரசின் தனியார்துறை வேலை இணையதளத்திலும், மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவை தளத்திலும் தனித்தனியே பதிய வேண்டும், இரண்டுமே இலவசம். கட்டணம் கேட்பவருக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்துப் புகார் கொடுங்கள்.