வாசகர் கேள்வி பதில்: வரைபடத்தின் மேல் ஒரு கை

கடந்த இதழில், இத்தாலியில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் வெனிஸ் பினாலே கலைக் கண்காட்சி பற்றி எழுதியதற்கு நிறையக் கடிதங்கள் வந்திருந்தன. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: 2024 பினாலேவுக்கு 'எங்கும் அந்நியர்கள்' என்று பெயர் வைத்தார்கள் என்கிறீர்கள். வந்தேறிகள் பெருகிவிட்டார்கள் என்று கத்துகிறவர்களின் பேச்சு மாதிரியே இருக்கிறதே? (வாசகர், கோவை)

அப்படியும் படிக்கலாம், அதுதான் அந்த இரண்டு சொல்லின் வலு. ஆனால் பிறந்த இடம் நேர் எதிர். 2000களின் தொடக்கத்தில் இத்தாலியின் டூரின் நகரில் இனவெறியை எதிர்த்து இயங்கிய ஒரு குழுவின் பெயர் அது. கிளேர் ஃபோன்டேன் என்ற கலைக் கூட்டணி அதை எடுத்து 2004 முதல் பல மொழிகளில் நியான் விளக்காக எழுதி வருகிறது. கண்காட்சி நடக்கும் இடங்களில் ஒன்றான அர்செனாலே என்ற பழைய கப்பல் கட்டும் தளத்தின் கொட்டகையில் தண்ணீருக்கு மேல் அவற்றைத் தொங்கவிட்டிருந்தார்கள், கீழே தண்ணீரிலும் எழுத்துகள் அசைந்துகொண்டிருந்தன. கண்காட்சியைத் தொகுத்த பிரேசில்காரர் அட்ரியானோ பெட்ரோசா சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்தது: எங்கே போனாலும் அந்நியர்கள் இருப்பார்கள், எங்கே இருந்தாலும் உள்ளுக்குள் நீங்களும் ஒரு அந்நியர்தான். வெனிஸே ரோமானிய நகரங்களிலிருந்து தப்பி ஓடிவந்தவர்கள் குடியேறிய ஊர் என்பதையும் அவர் நினைவூட்டினார்.

கேள்வி: எனக்கு நவீனக் கலை என்றாலே புரியாது. அந்தக் கண்காட்சியில் என்னைப் போன்றவருக்குப் புரிகிற மாதிரி ஒன்றாவது இருந்ததா? (இல்லத்தரசி, திண்டுக்கல்)

இருந்தது. 331 கலைஞர்கள், குழுக்கள் என்று கால் வலிக்க நடந்த பிறகும் எனக்கு இன்றுவரை மறக்காதது அதுதான். மொராக்கோவில் பிறந்த புஷ்ரா கலீலி 2008 முதல் 2011 வரை எடுத்த எட்டு வீடியோக்கள். ஒவ்வொரு திரையிலும் கடையில் விற்கிற மாதிரி ஒரு அச்சடித்த வரைபடம், ஒரு கை, அந்தக் கையில் தடித்த மார்க்கர் பேனா, ஒரு குரல், அவ்வளவுதான். முகம் கிடையாது, பின்னணி இசை கிடையாது. விசா இல்லாமல் நாடு நாடாகத் தாண்டி வந்தவர் தன் வழியைத் தானே கோடு போட்டுக் காட்டுகிறார்: இங்கிருந்து கிளம்பினேன், இங்கே மாட்டினேன், திருப்பி அனுப்பினார்கள், மறுபடி இந்தப் பக்கமாக வந்தேன். பேனா ஒரு நாட்டின் எல்லைக் கோட்டைத் தாண்டும்போது ஒரு நொடிகூட ஆகாது, ஆனால் குரல் அந்த இடத்துக்கு மாதங்களையும் சில சமயம் வருடங்களையும் கணக்குச் சொல்கிறது. ஒருவர் ரமல்லாவிலிருந்து கிழக்கு ஜெருசலேமுக்குத் தன் வருங்கால மனைவியைப் பார்க்கப் போகிற பாலஸ்தீன இளைஞர். பக்கத்து ஊர்தான். அனுமதி இல்லாததால் அவர் பேனா நேராகப் போக முடியாமல் சுற்றிச் சுற்றிப் போகிறது. இதைப் புரிந்துகொள்ள என்ன கலைப் படிப்பு வேண்டும், சொல்லுங்கள்? நீங்களும் நானும் யாருக்காவது வழி சொல்லும்போது தாளில் இப்படித்தானே கிறுக்குகிறோம்.

கேள்வி: செத்தவர்கள் இருந்த படகையே கொண்டுவந்து வைத்தார்கள் என்று படித்தேன். துயரத்தைக் காட்சிப்பொருள் ஆக்குவது சரியா? (கல்லூரி மாணவர், மதுரை)

அது 2019 பினாலேயில். 2015 ஏப்ரல் 18 அன்று லிபியாவுக்கும் இத்தாலியின் லாம்பெதூசா தீவுக்கும் நடுவே ஒரு மீன்பிடிப் படகு மூழ்கியது. 700க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பிழைத்தவர்கள் 28 பேர். மறு வருடம் இத்தாலி அரசு அதைக் கடலடியிலிருந்து தூக்கியது. அந்தப் படகைத்தான் கலைஞர் கிறிஸ்டோஃப் பியூகெல் அர்செனாலேயில் கரையோரம் கொண்டுவந்து நிறுத்தினார், பெயர் 'பார்கா நோஸ்த்ரா'. இத்தாலிய மொழியில் 'நோஸ்த்ரா' என்றால் 'எங்கள்' என்றும் எடுக்கலாம், 'நம்' என்றும் எடுக்கலாம். தமிழில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். 'நம் படகு' என்று சொல்ல நினைத்திருந்தால் அது என்ன படகு என்று ஒரு பலகையாவது வைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. வைக்கவில்லை. பக்கத்தில் காபிக் கடை, படகின் முன்னால் நின்று செல்ஃபி எடுத்தவர்களில் பலருக்கு அது எதுவென்றே தெரியாது. கல்லறை மாதிரி மௌனமாக இருக்கட்டும் என்பார்கள் சிலர், ஆனால் கல்லறையில்கூடப் பெயர் எழுதுவோமே. கலீலியின் வரைபடத்தில் பேசுகிறவர் கையில் பேனா இருக்கிறது, இங்கே இறந்தவர்கள் சார்பில் ஒரு வரிகூட இல்லை. எனக்கு இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியவில்லை. 2021இல் அந்தப் படகு சிசிலியின் அகுஸ்தா துறைமுகத்துக்குத் திரும்பியது. அதை நினைவுச் சின்னமாக வைக்கவேண்டும் என்று கேட்ட ஊர்க்காரர்கள் அங்கே இருக்கிறார்கள்.

கேள்வி: 2024இல் நம்மவர்கள் யாராவது? (வாசகர், விழுப்புரம்)

இந்தியாவுக்கென்று தனி அரங்கு அந்த வருடம் இல்லை. ஆனால் அம்ரிதா ஷேர்-கில், சூசா, ரசா ஓவியங்கள் இருந்தன. உங்கள் பக்கத்துக்குச் சந்தோஷமான செய்தி ஒன்று: பெங்களூருவின் 'அரவாணி ஆர்ட் ப்ராஜெக்ட்' குழு அங்கே பெரிய சுவரோவியம் ஒன்றை வரைந்தது. கூவாகத்து அரவானிலிருந்து வந்த பெயர்தான். திருநங்கைகளும் மற்றப் பெண்களும் சேர்ந்து வரைகிற குழு. வீட்டைவிட்டு வெளியேறி வேறொரு வீடு தேடிக்கொண்டவர்களுக்கு இடம்பெயர்தல் என்றால் என்ன என்று யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை.

கேள்வி: 95 யாழ்ப்பாண இடப்பெயர்வில் கோண்டாவிலில் இருந்து வெளிக்கிட்டோம். அம்மா இன்றைக்கும் அந்த வீட்டுக் கிணற்றைப் பற்றித்தான் கதைக்கிறார். எங்கள் சனத்தைப் பற்றி இப்படி யாரும் செய்திருக்கிறார்களா? (வாசகி, டொரன்டோ)

செய்திருக்கிறார், சகோதரி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன் 2011இல் 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' என்று ஒரு கலைநூல் வெளியிட்டார். தோம்பு என்றால் ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு, உங்கள் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். போரில் வீடிழந்த 80 பேர் தங்கள் வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து தாங்களே வரைந்தார்கள். அதையே கட்டடக்கலைஞர் முறைப்படி வரைந்த படமும், அவர்கள் சொன்ன கதையும், அதற்கு ஓவியர் வரைந்த படமும் கூடவே இருக்கின்றன. நான் முதலில் பார்ப்பது எப்போதும் அந்தக் கை நடுங்கிய முதல் கோடுகளைத்தான்.

அம்மாவிடம் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்துப் பாருங்கள். எனக்கு வரைய வராது என்பார், பரவாயில்லை. கிணற்றிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.