தோட்டா வாங்கினால் யார் யாருக்குத் தெரியும்? கேள்வி பதில்

அமெரிக்காவில் துப்பாக்கிக் கடைக் கவுண்டரில் நின்றவன், பிறகு கடைகளின் பதிவேடுகளைச் சரிபார்க்கும் வேலைக்குப் போனவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். தோட்டா விற்பனைப் பதிவும் வாங்குபவரின் அந்தரங்கமும்தான் இன்றைய விஷயம். எந்தத் துப்பாக்கி நல்லது என்று கேட்டால் தாண்டிப் போய்விடுவேன். நான் வக்கீல் இல்லை, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டல்லாஸ் வாசகர்: கடையில் ஐடியை ஒரு பார்வை பார்த்தார், பணம் வாங்கினார், பெட்டியைத் தள்ளினார். எதையும் எழுதிக்கொள்ளவில்லை. சட்டப்படி எழுத வேண்டாமா?

டெக்ஸாஸில் வேண்டாம். ஆனால் ஒரு காலத்தில் நாடு முழுக்க எழுதினார்கள். கென்னடி கொலையில் பயன்பட்ட ரைஃபிள் பொய்ப்பெயரில் தபாலில் வாங்கியது. அந்த அதிர்ச்சியில் தொடங்கிய பேச்சு, 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் சுடப்பட்ட பிறகு துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டமாக முடிந்தது. தோட்டா விற்பவருக்கும் லைசென்ஸ் வேண்டும், வாங்குபவரின் பெயர், வயது, முகவரியை எழுத வேண்டும் என்று அது சொன்னது. அடுத்த வருடமே ரைஃபிள், ஷாட்கன் தோட்டாக்களுக்கு விலக்கு வந்தது. மிஞ்சியது பெரும்பாலும் கைத்துப்பாக்கித் தோட்டா.

நோட்டுகள் குவிந்தன, படிக்க ஆள் இல்லை. அந்தப் பதிவுகளால் குற்றப் புலனாய்வுக்குப் பெரிய பயன் இல்லை என்று துப்பாக்கிச் சட்டங்களை அமலாக்கும் மத்தியத் துறையே சொன்னது. 1986இல் ரீகன் கையெழுத்திட்ட துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம், கவசம் துளைக்கும் ரகத்தைத் தவிர மற்ற தோட்டாக்களுக்கு மத்திய அரசின் பதிவேட்டை எடுத்துவிட்டது. தோட்டா மட்டும் விற்பவருக்கு லைசென்ஸும் தேவையில்லை என்றானது.

உங்கள் கடைக்காரர் ஐடி பார்த்தது வயதுக்காக. லைசென்ஸ் உள்ள கடை கைத்துப்பாக்கித் தோட்டாவை 21 வயதுக்குக் கீழ் விற்கக் கூடாது, ரைஃபிள், ஷாட்கன் போன்ற நீளத் துப்பாக்கித் தோட்டாவை 18க்குக் கீழ் விற்கக் கூடாது. பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் அவர் கடமை முடிந்தது.

சான் ஹோசே, ஹெச்-1பி விசா: நண்பர்கள் சுடும் பயிற்சிக் கூடத்துக்குக் கூப்பிடுகிறார்கள். நான் தோட்டா வாங்கினால் என் பெயர் பதிவாகுமா?

நீங்கள் தப்பான இடத்தைப் பார்த்துக் கவலைப்படுகிறீர்கள். பெயர் பதிவாவது இரண்டாவது பிரச்சினை. ஹெச்-1பி, ஹெச்-4, எஃப்-1, சுற்றுலா விசா என்று குடியேற்றம் சாராத விசாவில் வந்தவர்கள் தோட்டாவைக் கையில் வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். வாடகைத் துப்பாக்கியால் அரை மணி நேரம் சுடுவதும் ‘வைத்திருத்தல்’ கணக்கில்தான் வரும். 2022க்குப் பிறகு உச்சத் தண்டனை 15 ஆண்டுகள். நாடு கடத்தல் தனிக்கதை.

விலக்குகள் சில உண்டு. நம்மவர்களுக்குப் பயன்படுவது ஒன்றுதான்: அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ். கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடையே இல்லை. ‘எல்லோரும் போகிறார்கள், யாரும் கேட்கவில்லை’ என்று சொல்லாதீர்கள். கேட்காதது சரி, படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுவது நீங்கள்தானே?

ஃப்ரீமான்ட் வாசகர்: கலிஃபோர்னியாவில் சட்டப்படி வாங்கிய துப்பாக்கி என்னிடம் இருக்கிறது. தோட்டா வாங்கப் போனால் ‘நிராகரிக்கப்பட்டது’ என்று வருகிறது. நான் என்ன குற்றவாளியா?

இல்லை. நீங்கள் வீடு மாறியிருக்கிறீர்கள்.

சரி, விரிவாகவே சொல்கிறேன். 2016இல் கலிஃபோர்னியா மக்கள் 63ஆவது முன்மொழிவை வாக்களித்து நிறைவேற்றினார்கள். 2019 ஜூலை 1 முதல் தோட்டா வாங்கும் ஒவ்வொரு முறையும் தகுதிச் சோதனை. கடைக்காரர் உங்கள் ஓட்டுநர் உரிமத்தை இயந்திரத்தில் இழுக்கிறார். அதிலுள்ள விவரங்களை மாநில நீதித்துறையின் (நீதிமன்றம் அல்ல, அரசுத் துறை) கணினி, நீங்கள் துப்பாக்கி வாங்கியபோது பதிந்த விவரங்களோடு ஒப்பிடுகிறது. துப்பாக்கி வாங்கும்போது அடுக்குமாடி வீடு, இப்போது சொந்த வீடு. உரிமத்தில் புது முகவரி, துப்பாக்கிப் பதிவில் பழைய முகவரி. இரண்டும் ஒட்டவில்லை, முடிந்தது கதை. கவுண்டரில் நிற்கும் பையனுக்கும் காரணம் தெரியாது. உங்கள் பின்னால் வரிசையில் நிற்பவர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்.

2023இன் முதல் பாதியில் இப்படி நிராகரிக்கப்பட்டவை சுமார் 11 சதவீதம். உண்மையிலேயே தடை செய்யப்பட்டவர்கள் என்று பிடிபட்டவர்கள் 141 பேர். சல்லடை யாரைப் பிடித்தது, யாரை விட்டது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வழி இரண்டு. துப்பாக்கிப் பதிவில் முகவரியைத் திருத்துவது, இல்லையென்றால் 19 டாலர் கட்டி அடிப்படைச் சோதனைக்குப் போவது. இரண்டாவதுக்கு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். வழக்கமான சோதனைக்கு ஒரு டாலராக இருந்த கட்டணம் 2025 ஜூலையிலிருந்து 5 டாலர். வீடு மாறினால் பால்காரரிடம் சொல்கிறோம், துப்பாக்கிப் பதிவில் மட்டும் சொல்ல மறந்துவிடுகிறோம்.

நியூயார்க் வாசகர்: எங்கள் மாநிலத்தில் எப்படி?

2023 செப்டம்பர் 13 முதல் மாநிலப் போலீஸ் வழியாகச் சோதனை, கட்டணம் இரண்டரை டாலர். கடை எழுதிக்கொள்ளும் விவரங்களில் உங்கள் தொழிலும் உண்டு. ஏன் தொழில் என்று என்னைக் கேட்காதீர்கள். ஒரு நல்ல விஷயம், அந்தப் பதிவுகள் பொதுத் தகவல் அல்ல என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. 2012 டிசம்பரில் அங்கே ஒரு நாளிதழ், கைத்துப்பாக்கி அனுமதி வைத்திருந்தவர்களின் பெயர், முகவரியை வரைபடமாகவே போட்டுவிட்டது. அந்தக் கலவரம் நினைவிருப்பவர்களுக்கு இந்த வரியின் அருமை தெரியும்.

ரெனோ, நெவாடா: சோதனை, பதிவு எல்லாம் ஒரே குட்டைதானே? நாளைக்கு அரசாங்கம் வீடு வீடாக வந்து பிடுங்கப் போகிறது.

ஒரே குட்டை இல்லை. சோதனை என்பது ‘இவருக்கு விற்கலாமா’ என்ற ஒரு நொடிக் கேள்வி. பதில் வந்ததும் கேள்வியை அழித்துவிடலாம். பதிவேடு என்பது பதிலைக் கட்டிக் காப்பது. அந்தரங்கம் பற்றிய சண்டை முழுக்க இரண்டாவதில்தான் இருக்கிறது. துப்பாக்கி விற்பனையில் மத்திய அரசுச் சோதனை ‘விற்கலாம்’ என்று சொன்னால், அந்த அடையாளத் தகவலை 24 மணி நேரத்துக்குள் அழிக்க வேண்டும். கலிஃபோர்னியாவின் தோட்டாச் சட்டம் அப்படி இல்லை: தேதி, பெயர், பிறந்த தேதி, முகவரி, தொலைபேசி, உரிம எண், தோட்டாவின் பிராண்ட், ரகம், எண்ணிக்கை, கையெழுத்து, விற்றவரின் பெயர், எல்லாம் மாநிலத்தின் கோப்புக்குப் போகின்றன. கடைக்காரர் அதை வேறு எதற்கும் பயன்படுத்தவோ விற்கவோ கூடாது என்று சட்டம் சொல்கிறது. மாநிலத்திடம் அது பத்திரமா என்பதுதான் என் கேள்வி.

வீடு வீடாக வருவதை விடுங்கள். 2022 ஜூன் இறுதியில் கலிஃபோர்னிய நீதித்துறை, புள்ளிவிவரம் காட்டுகிறேன் என்று ஒரு பக்கத்தைத் திறந்தது. ஆயுதம் எடுத்துச் செல்ல அனுமதி கேட்டிருந்த சுமார் 1,92,000 பேரின் பெயரும் பிறந்த தேதியும் முகவரியும் அதன் வழியாக இறங்கிக் கொண்டிருந்தன. யாரும் ஊடுருவித் திருடவில்லை, அமைப்பைச் சரியாக மூடாமல் விட்டார்கள். அந்தப் பட்டியலில் நீதிபதிகளும் இருந்தார்கள், தாக்கிய கணவனிடமிருந்து ஒளிந்து வாழ்பவர்கள் இருந்திருக்கக் கூடும். எனக்குப் பயம் கொடுங்கோலனைப் பார்த்து இல்லை, பூட்டாமல் போகும் குமாஸ்தாவைப் பார்த்து.

சாக்ரமென்டோ, வக்கீல்: பதிவேடு வீண் என்கிற மாதிரி எழுதுகிறீர்கள். போலீஸுக்கு அது உதவவே இல்லையா?

உதவியிருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் மாநிலத்துக்கு முன்பே தோட்டாப் பதிவேடு இருந்தது. 2004 ஏப்ரல், மே மாதங்களின் பதிவுகளை ஆய்வாளர்கள் குற்றப் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். வாங்கியவர்களில் சுமார் 2.6 சதவீதம் பேர் தோட்டாவைத் தொடவே கூடாதவர்கள். அவர்கள் வாங்கியது 10,050 தோட்டாக்கள். சொந்தப் பெயரில், சொந்த ஐடியைக் காட்டி வாங்கியிருந்தார்கள். ஆனால் கவனியுங்கள், அன்றே சோதனை இருந்திருந்தால் அந்த விற்பனையே நடந்திருக்காது. அது பதிவுக்கான வாதமா, சோதனைக்கான வாதமா?

அதே வக்கீல்: இரண்டுக்கும்தான். அதோடு போலீஸ் வாரன்ட் இல்லாமல் கடைப் பதிவேட்டைப் புரட்டலாம் என்று பலர் பயமுறுத்துகிறார்கள். 2015 படேல் தீர்ப்புக்குப் பிறகு அது முடியாது.

இதற்குத்தான் காத்திருந்தேன். மற்றவர்களுக்காக: லாஸ் ஏஞ்சலிஸ் நகரச் சட்டம் ஒன்று, விடுதிக்காரர் விருந்தினர் பதிவேட்டைப் போலீஸ் கேட்டவுடன் காட்ட வேண்டும் என்றது. பெயரிலேயே தெரியும், மோட்டல் நடத்தும் நம்ம ஊர் குஜராத்திகள் வழக்குப் போட்டார்கள். காட்டுவதற்கு முன் ஒரு நடுவரிடம் முறையிட வாய்ப்பு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று சொன்னது.

ஆனால் வக்கீல் சாருக்குத் தெரியாததில்லை, அதே தீர்ப்பு ‘நெருங்கிய கட்டுப்பாட்டில் உள்ள தொழில்’ என்று சிலவற்றை ஒதுக்கி வைக்கிறது. அதில் ஒன்று துப்பாக்கி வியாபாரம். 1972 பிஸ்வெல் வழக்கு: அடகுக்கடைக்காரரின் பூட்டிய அறையை வாரன்ட் இல்லாமல் திறக்கச் சொன்னது சரி என்று 8க்கு 1. மோட்டலுக்குக் கிடைத்த பாதுகாப்பு துப்பாக்கிக் கடைக்கு அப்படியே வராது.

மறுபடி வக்கீல்: பிஸ்வெல் மத்திய லைசென்ஸ் பற்றியது. தோட்டா மட்டும் விற்பவருக்கு அது இல்லையே?

நல்ல குத்து. மாநில லைசென்ஸ் இருக்கிறதே என்று நான் சொல்வேன், அது போதாது என்று நீங்கள் சொல்வீர்கள். ஆனால் இருவரும் கடைக்காரரின் உரிமையைத்தான் பேசிக் கொண்டிருக்கிறோம். வாங்கியவர் எங்கே போனார்? தன் தகவலை மூன்றாவது ஆளிடம் கொடுத்தவருக்கு அதில் அந்தரங்க எதிர்பார்ப்பு இல்லை என்பது 1976, 1979 தீர்ப்புகளின் சாரம். 2018இல் கைப்பேசி இருப்பிடத் தகவலுக்கு மட்டும் அதில் ஓட்டை விழுந்தது. பதிவேடு கடைக்காரரிடமா போலீஸிடமா என்ற சண்டையில் வாங்கியவருக்கு நாற்காலியே போடவில்லை. மேற்கொண்டு சண்டை என்றால் தனியாகப் பேசலாம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

ரெனோ வாசகர்: அதனால்தான் நான் ரொக்கத்தில் வாங்குகிறேன்!

கலிஃபோர்னியாவில் ரொக்கம் கொடுத்தாலும் பதிவேடு பதிவேடுதான். நெவாடாவில் உங்கள் பேச்சில் கொஞ்சம் நியாயம் உண்டு. கார்டில் வாங்கினால் வங்கியிடம் தடம் இருக்கும். துப்பாக்கி, தோட்டாக் கடைகளுக்கென்று 5723 என்ற வணிக வகை எண்ணை 2022 செப்டம்பரில் சர்வதேசத் தர அமைப்பு ஒப்புக்கொண்டது. கார்டு நிறுவனங்கள் தலையாட்டின, எதிர்ப்பு வந்ததும் 2023 மார்ச்சில் நிறுத்தி வைத்தன. கலிஃபோர்னியா அதைக் கட்டாயமாக்கிச் சட்டம் போட்டது, ஃப்ளோரிடா, டெக்ஸாஸ் போன்றவை தடுத்துச் சட்டம் போட்டன. அந்த எண் கடையின் வகையைத்தான் சொல்லும், பையில் என்ன இருந்தது என்று சொல்லாது. கூடாரம் வாங்கினாலும் 5723, தோட்டா வாங்கினாலும் 5723.

சான் டியேகோ வாசகர்: எனக்கும் நிராகரிப்பு வந்தது. காரணம் என்ன?

மேலே ஃப்ரீமான்ட் பதிலைப் படியுங்கள். முகவரி.

இர்வைன் வாசகர்: பெயரில் இனிஷியல் முன்னால் இருக்கிறது, உரிமத்தில் அப்பா பெயர் கடைசியில் வருகிறது. அதனால் நிராகரிப்பு வருமா?

வரும். தமிழர்களுக்கே உரிய வியாதி இது. துப்பாக்கிப் பதிவில் எப்படி இருக்கிறதோ அப்படியே உரிமத்திலும் இருக்கட்டும். உரிமத்தில் ‘மத்திய வரம்புகள் பொருந்தும்’ என்று அச்சாகியிருந்தால் பாஸ்போர்ட்டையும் எடுத்துப் போங்கள்.

ஓக்லாந்து வாசகர்: வழக்கு ஜெயித்துவிட்டதாமே? இனிச் சோதனை இல்லையாமே?

ஒலிம்பிக் வீராங்கனை கிம் ரோடு தொடுத்த வழக்கு. ஆறு கோடைக்கால ஒலிம்பிக்கில் தொடர்ந்து பதக்கம் வாங்கியவர். 2024 ஜனவரி 30 அன்று நீதிபதி பெனிடெஸ் சட்டம் செல்லாது என்றார். சில நாட்களில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. 2025 ஜூலையில் அங்கே மூவர் அமர்வில் இருவர் பெனிடெஸின் தீர்ப்பை ஆதரித்தார்கள். செய்தியைப் படித்துவிட்டுக் கடைக்கு ஓடியவர்களுக்கு அங்கே பழைய சோதனைதான் காத்திருந்தது. தலைப்புச் செய்தியை நம்பி அரிசோனாவிலிருந்து தோட்டாவைக் காரில் ஏற்றிக்கொண்டு வராதீர்கள்.

மதுரை வாசகர்: இந்தியாவில் லைசென்ஸ் வைத்திருப்பவர் தோட்டா வாங்க என்ன பதிவு?

என் துறை அல்ல. லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்தைக் கேளுங்கள்.

லாஸ் ஏஞ்சலிஸ் வாசகர்: என் கைரேகையை எடுப்பார்களா?

2009 மாநிலச் சட்டம் கைத்துப்பாக்கித் தோட்டாவுக்குக் கட்டைவிரல் ரேகை கேட்டது. எது ‘கைத்துப்பாக்கித் தோட்டா’ என்று சட்டத்தில் தெளிவில்லை என்று 2011இல் ஃப்ரெஸ்னோ நீதிமன்றம் நிறுத்திவிட்டது. இப்போதைய மாநிலச் சட்டம் கேட்பது கையெழுத்து.

சான் ஹோசேயிலிருந்து இன்னொருவர்: வீடு மாறிவிட்டேன். நிராகரிப்பு வருகிறது...

முகவரி.