மனநோய் மாத்திரை இதயத்தைப் பாதிக்கும் என்றால் நிறுத்திவிடலாமா?

மனச்சிதைவு நோய்க்காக ஹாலோபெரிடால் சாப்பிடும் உங்கள் தங்கைக்கு ஈசிஜி எடுத்துவரச் சொல்லியிருக்கிறார்கள், அதற்குப் பயந்து மாத்திரையையே நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்த வேண்டாம், ஈசிஜியை எடுத்துவிடுங்கள். நான் மருத்துவர் இல்லை. பெங்களூரு அல்சூரில் இதே மாத்திரையை 12 ஆண்டுகளாகச் சாப்பிட்டுவரும் தம்பியைக் கவனித்துக்கொள்ளும் அக்கா.

ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயத் தசை அடுத்த துடிப்புக்குத் தயாராக வேண்டுமானால், அதன் உயிரணுக்களுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியேற வேண்டும். மனநோய்க்கான மருந்துகளில் பல, அது வெளியேறும் வழிகளில் ஒன்றை ஓரளவு அடைத்துவிடுவதால், ஈசிஜியில் க்யூடி என்னும் இடைவெளி நீள்கிறது. நாடித்துடிப்புக்கேற்பத் திருத்திய இந்த அளவு ஆண்களுக்கு 450, பெண்களுக்கு 460 மில்லி விநாடி வரை இயல்பானது என்பார்கள். 500ஐத் தாண்டினால்தான் உண்மையான கவலை. அப்போது இதயம் தாறுமாறாகத் துடித்து மயக்கம் வரலாம், அரிதாக உயிரும் போகலாம். எல்லா மருந்தும் ஒன்றல்ல. தியோரிடசினை இந்தக் காரணத்துக்காகவே அதன் நிறுவனம் 2005இல் உலகெங்கும் விலக்கிக்கொண்டது. அரிபிப்ரசோலில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. ஹாலோபெரிடாலில், அளவு கூடும்போதும் நரம்பு வழியாக ஊசி போடும்போதும் ஆபத்து கூடுகிறது.

எங்கள் வீட்டில் சிக்கல் அந்த மாத்திரையால் மட்டும் வரவில்லை. தம்பிக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தபோது, அம்மா அவனைத் தெருமுனைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனார். வேறு ஏதாவது மாத்திரை உண்டா என்று அங்கே கேட்டதற்கு, மனநோய் என்று சொல்லக் கூசி, “தூக்கத்துக்கு ஒன்று போடுகிறான்” என்று மட்டும் சொல்லியிருக்கிறார். (அக்கம்பக்கத்தில் இன்றுவரை நாங்களும் அப்படித்தான் சொல்லிவருகிறோம்.) சிப்ரோஃப்ளாக்சசினும் வாந்திக்கு ஆன்டான்செட்ரானும் கொடுத்தார்கள். இரண்டுமே க்யூடியை நீட்டக்கூடியவை. வயிற்றுப்போக்கிலோ உடலின் பொட்டாசியம் வேறு குறைந்துபோகும். எழுந்து நின்றதும் தலை சுற்றுகிறது என்று அவன் சொன்ன பிறகுதான், வழக்கமாகப் பார்க்கும் மனநல மருத்துவரிடம் ஓடினோம்.

இயந்திரம் அச்சிட்ட எண் 490. எனக்குக் கை நடுங்கிவிட்டது. மருத்துவர் அந்தச் சிவப்புக் கட்டத் தாளில் பேனா முனையை வைத்து, ஒரு சிறு கட்டம் 40 மில்லி விநாடி என்று சொல்லிக்கொண்டே எண்ணினார். பத்துக் கட்டங்கள், அதாவது 400. நாடி 90 ஆக இருந்தது. இந்த 400ஐ நாடிக்கேற்பத் திருத்த இயந்திரங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் பேசெட் சூத்திரம், நாடி விரைவாக ஓடும்போது கணக்கை மிகைப்படுத்தும் என்று விளக்கி, ஃப்ரிடெரிசியா என்னும் இன்னொரு சூத்திரத்தில் போட்டுப் பார்த்தபோது 458 வந்தது. கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் 490 அல்ல. கிளினிக் கொடுத்த இரண்டையும் நிறுத்தினார், ரத்தத்தில் பொட்டாசியமும் மெக்னீசியமும் பார்க்கச் சொன்னார், ஹாலோபெரிடாலைத் தொடவில்லை. பத்து நாள் கழித்து எடுத்த ஈசிஜியில் 432.

மாத்திரையை நாமாக நிறுத்தினால் நோய் திரும்பும் ஆபத்து பெரிது. அது எப்படிப்பட்டது என்று ஒருமுறை பார்த்துவிட்டோம், இங்கே விவரிக்க விருப்பமில்லை. அதைவிட, தங்கை சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதி, காய்ச்சலுக்குப் போனாலும் பல்வலிக்குப் போனாலும் காட்டுங்கள். எரித்ரோமைசின், ஃப்ளுகோனசோல், மனச்சோர்வுக்குத் தரும் எஸ்சிடலோபிராம் ஆகியவையும் க்யூடியை நீட்டுபவையே. பெண்களுக்கு இந்த ஆபத்து இயல்பாகவே சற்று அதிகம் என்பதால், குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருந்தால் அதையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். தங்கை எப்போதாவது மயங்கி விழுந்தால், சத்துக்குறைவு என்று குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்துக் காத்திருக்காமல், ஈசிஜி வசதியுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அந்தத் தாளோடு உடனே அழைத்துச் செல்லுங்கள்.