பனியன் நனைய வியர்த்தால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள்

அப்பாவின் சர்க்கரை நோய் பற்றிக் கடிதத்தில் நீங்கள் கேட்ட கேள்விகளை அப்புறம் பார்க்கலாம். நீங்கள் கேட்காமலே நடுவில் இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள்: ராத்திரி மூன்று மணிக்கு அப்பாவுக்குப் பனியன் பிழியும் அளவுக்கு வியர்த்தது, உங்களை அத்தை பெயர் சொல்லிக் கூப்பிட்டார், சர்க்கரை போட்டுக் காபி கொடுத்ததும் தெளிந்து தூங்கிவிட்டார். இந்த மாதம் இது இரண்டாவது தடவை. "வயசாகிவிட்டது, மறதி" என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். இனிப்பு உள்ளே போனதும் தெளிகிற மறதி கிடையாதம்மா. பெரும்பாலும் அது லோ சுகர், அதாவது இரத்தத்தில் சர்க்கரை அளவுக்குக் கீழே இறங்கிவிடுவது.

காரணமும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஏதோ வீடியோ பார்த்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தியவர், சர்க்கரை மாத்திரையை நிறுத்தவில்லை. அதில் இருக்கும் கிளிமிபிரைடு என்ற மருந்து, நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காது. கணையத்தைப் பிழிந்து இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். போதாததற்கு, காலை சர்க்கரை 180 வந்தது என்று பயந்து அவராகவே அரை மாத்திரை கூடப் போட்டிருக்கிறார். 68 வயதுக்காரருக்குக் காலையில் 180 இருந்தால் நிதானமாகச் சரிசெய்யலாம். ராத்திரி 45க்கு இறங்கினால் நிதானத்துக்கு நேரமில்லை. மூன்று மாதச் சராசரி (HbA1c பரிசோதனை) 6.1 என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். இந்த வயதில், இந்த மாத்திரையோடு, எனக்கு அது பெருமையாகப் படவில்லை. 7, 7.5 இருந்தாலே போதும்.

"படபடப்பு, நடுக்கம் இல்லையே" என்று அவர் சொல்வதை நம்பாதீர்கள். பிரஷருக்கு அவர் போடும் மெட்டோபுரோலால் அந்த இரண்டையும் அமுக்கிவிடும். வியர்வையை அமுக்காது. அதனால் அவர் விஷயத்தில் வியர்வைதான் மணி அடிக்கும். அப்போது உடனே மீட்டரில் பாருங்கள். மீட்டர் கைக்கு எட்டவில்லை என்றால் லோ என்றே வைத்துக்கொள்ளுங்கள். 70க்குக் கீழே இருந்தால், அவர் விழுங்கும் நிலையில் இருந்தால், மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். வீட்டுச் சர்க்கரை வேண்டாம். அவருடைய சர்க்கரை மாத்திரையில் வோக்லிபோஸ் என்ற மருந்தும் சேர்ந்திருக்கிறது. அது சாதாரணச் சர்க்கரை உடைவதைத் தாமதப்படுத்தும். சாக்லேட்டும் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு இன்னும் தாமதமாக்கும். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் அதே அளவு இன்னொரு முறை. ஏறியதும் இரண்டு இட்லியோ, பாலும் பிஸ்கட்டுமோ கொடுங்கள். மீட்டரில் சர்க்கரை சரியாகவே இருந்து வியர்வை மட்டும் கொட்டுகிறதா? அது இதயமாக இருக்கலாம், விடியட்டும் என்று காத்திருக்காமல் கிளம்புங்கள்.

தெளிந்ததும் தூங்கவிட்டீர்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பயம். இந்த வகை மாத்திரையால் வரும் லோ, ஏறிய பிறகும் சில மணி நேரத்தில் திரும்ப இறங்கலாம். அதனால்தான் ஆஸ்பத்திரியில் ஒரு நாளாவது வைத்துப் பார்க்கிறோம்.

இன்னொன்றும் இருக்கிறது. "நாவல்கொட்டைப் பொடி ஆரம்பித்ததிலிருந்து சர்க்கரை தானாகக் குறைகிறது" என்கிறார். பதினைந்து வருஷச் சர்க்கரை, காரணமில்லாமல் குறைகிறது என்றால் நான் பொடியைப் பாராட்டமாட்டேன், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனை பார்க்கச் சொல்வேன். சிறுநீரகம் தளர்ந்தால் இன்சுலினும் மாத்திரையும் உடம்பில் அதிக நேரம் தங்கிவிடும். சர்க்கரை குணமான மாதிரி தெரியும், உண்மையில் நோய் அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கும். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிப் போடும் மாத்திரையும் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம், அதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்ட மற்றவை: மெட்பார்மின் என்ற சர்க்கரை மருந்து கிட்னியைக் கெடுக்காது, கிட்னி ஏற்கெனவே கெட்டிருந்தால் அளவைக் குறைப்போம் அல்லது நிறுத்துவோம், அவ்வளவுதான். கோதுமையா அரிசியா என்பதைவிட எவ்வளவு என்பதுதான் முக்கியம். பாத எரிச்சலுக்கு, டாக்டரிடம் போகும்போது செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டச் சொல்லுங்கள். "இன்சுலின் போட்டால் கடைசிக் கட்டமா?" இல்லை. இந்தப் பயத்தை ஊட்டும் வீடியோக்காரர் யாரும் ராத்திரி மூன்று மணிக்கு உங்கள் வீட்டுக்கு வரப்போவதில்லை.

இன்று ராத்திரி அவர் சாப்பிட வேண்டும். அடம்பிடித்தால் அந்தச் சர்க்கரை மாத்திரையும் வேண்டாம். நாளைக் காலையே அவருடைய டாக்டரைப் பார்த்து அளவை மாற்றச் சொல்லுங்கள். கிரியாட்டினினும், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் போகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஒருவேளை மயங்கிவிட்டால் வாயில் ஒரு சொட்டுகூட ஊற்றக் கூடாது, புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐ அழையுங்கள். மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். எந்த மாத்திரை, எத்தனை மணிக்குப் போட்டார் என்றுதான் அங்கே முதலில் கேட்பார்கள்.