இளம் ஆட்டக்காரருக்குப் பெரிய கான்ட்ராக்ட் கொடுப்பதா, இந்த ஆஃப்சீசனிலேயே டிரேட் செய்துவிடுவதா?

எந்த அணி என்று நீங்கள் சொல்லவில்லை. 22 வயதுப் பையன், அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் மூன்று சீசன் ஆடிவிட்டான், எக்ஸ்டென்ஷனுக்கு (கான்ட்ராக்ட் நீட்டிப்புக்கு) மேக்ஸ், அதாவது விதி அனுமதிக்கிற உச்சச் சம்பளம், கேட்கிறான், அணி கொஞ்சம் குறைத்துப் பேசுகிறது, மதிப்பு இருக்கும்போதே அவனை வேறு அணிக்கு டிரேட் செய்து, அதாவது விற்றுவிடுவதுதானே புத்திசாலித்தனம் என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்ட தோரணையிலேயே தெரிகிறது, நீங்கள் விற்கிற கட்சி. ராத்திரி தூங்காமல் யாரைக் கொடுத்தால் யார் கிடைப்பார்கள், சம்பளக் கணக்கு நேராகுமா என்று போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். தப்பில்லை, எனக்கும் அந்த வியாதி உண்டு.

விற்காதீர்கள். அட்லீஸ்ட் இந்த வருடம் விற்காதீர்கள்.

காரணம் சொல்ல, ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணி ஜேம்ஸ் ஹார்டனை விற்ற 2012க்குப் போக வேண்டும். "மறுபடியும் ஹார்டன் கதையா" என்று கமென்டில் கேட்கப் போகிறவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

அப்போது நான் ஓக்லஹோமா மாநிலத்தில் நார்மன் என்ற ஊரில் எம்.எஸ். படித்துக்கொண்டிருந்தேன். ஓக்லஹோமா சிட்டி அங்கிருந்து அரை மணி நேரம். 2008இல் சியாட்டிலிலிருந்து பெயர்ந்து வந்த தண்டர் அணிதான் அந்த மாநிலத்துக்கே இருந்த ஒரே பெரிய புரொஃபஷனல் அணி. காசில்லாத மாணவர்களுக்கு அரங்கத்தின் மேல் அடுக்கு. அதற்கு 'லவுட் சிட்டி' என்றே பெயர். ஆட்டக்காரர்கள் அங்கிருந்து விரல் உயரம்தான் தெரிவார்கள், ஆனாலும் திரும்பி வரும்போது தொண்டை கட்டியிருக்கும். 2007இல் கெவின் டுரான்ட், 2008இல் ரஸல் வெஸ்ட்புரூக், 2009இல் ஜேம்ஸ் ஹார்டன் என்று வரிசையாக டிராஃப்டில் (புது ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) எடுத்த பையன்கள். கூடவே செர்ஜ் இபாகா. 2012 ஜூனில் ஃபைனல்ஸ் வரை வந்து மயாமியிடம் 4-1 என்று தோற்றார்கள். அப்போது இந்த நால்வரில் 24 வயதைத் தொட்டவர் ஒருவரும் இல்லை. அடுத்த பத்து வருடம் நமக்குத்தான் என்று ஊரே நம்பியது.

அந்தக் கோடையில்தான் உங்கள் கேள்வி எங்கள் அறைக்குள் வந்தது. டுரான்டுக்கும் வெஸ்ட்புரூக்குக்கும் பெரிய கான்ட்ராக்ட் ஏற்கனவே கொடுத்தாகிவிட்டது. ஆகஸ்டில் இபாகாவுக்கு நான்கு வருடம், சுமார் 4.8 கோடி டாலர். மிச்சம் ஹார்டன். பெஞ்சிலிருந்து வந்து ஆடியே அந்த ஆண்டின் சிறந்த ஆறாவது ஆட்டக்காரர் விருதை வாங்கியவர். என் அறைத்தோழன் குண்டூர்க்காரன், ஃபைனான்ஸ் படித்தான். அவன் முழுக்க முழுக்க விற்கிற கட்சி. ஃபைனல்ஸில் ஹார்டன் சொதப்பினார், அதற்கு மேக்ஸா என்பான். லீகும் ஆட்டக்காரர் சங்கமும் 2011இல் போட்ட புது ஒப்பந்தப்படி லக்சரி டேக்ஸ் (சம்பளம் எல்லை தாண்டினால் அணி கட்டும் அபராதம்) 2013 சீசனிலிருந்து அடுக்கடுக்காக ஏறப் போகிறது, இந்தச் சின்ன ஊரால் தாங்க முடியாது என்பான். சாதம் வடிக்கும்போதும் இதே பேச்சு. மற்ற இரண்டு பேர் எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்கள், அவர்களுக்கு கிரிக்கெட் தவிர வேறு ஒன்றும் விளையாட்டே இல்லை.

அக்டோபர் 27, சனிக்கிழமை. எங்கள் பல்கலைக்கழக மைதானத்தில் நோட்டர் டேமுடன் அமெரிக்கக் கால்பந்து. ஓக்லஹோமா 30-13 என்று தோற்றது. அந்தத் துக்கம் போதாது என்று அதே இரவு ட்விட்டரில் வருகிறது, ஹார்டன் ஹூஸ்டனுக்குப் போகிறார். பதிலுக்கு கெவின் மார்ட்டின், ஜெரமி லேம்ப், இரண்டு முதல் சுற்றுப் பிக் (டிராஃப்டில் ஆள் எடுக்கும் உரிமை), ஒரு இரண்டாம் சுற்றுப் பிக். அப்போது வந்த செய்திகளின்படி தண்டர் கடைசியாகச் சொன்ன தொகை நான்கு வருடத்துக்குச் சுமார் 5.5 கோடி டாலர், அவருக்குக் கிடைக்கக்கூடிய உச்சம் சுமார் 6 கோடி. நான்கு வருடத்தில் 50 லட்சம் டாலர் வித்தியாசம்! வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை அவர்களே போட்டு உடைத்தார்கள்.

அக்டோபர் 31 அன்று டெட்ராய்ட்டில் ஹார்டன் ஹூஸ்டனுக்கு முதல் ஆட்டம் ஆடினார். 37 புள்ளி, 12 அசிஸ்ட். அடுத்த ஆட்டத்தில் 45. குண்டூர்க்காரன் அப்போதும் "சின்ன சாம்பிள், பொறு" என்றான். ஹூஸ்டன் அதற்குள் ஐந்து வருடம், சுமார் 8 கோடி டாலருக்கு அவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டது.

"எல்லாம் முடிந்த பிறகு யார் வேண்டுமானாலும் பேசலாம்" என்பீர்கள். சரி, அவர் 2018இல் எம்விபி (லீகின் சிறந்த ஆட்டக்காரர்) ஆனதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அது யாருக்கும் தெரிந்திருக்காது. என் கோபம் வேறு. அன்று விற்க வேண்டிய கட்டாயமே இல்லை.

முதல் சுற்றில் எடுத்த பையனுக்கு ரூக்கி கான்ட்ராக்ட், அதாவது முதல் கான்ட்ராக்ட், நான்கு வருடம். மூன்றாவது சீசன் முடிந்ததும் எக்ஸ்டென்ஷன் பேசலாம். கெடு அப்போது அக்டோபர் 31, இப்போது சீசன் தொடங்குவதற்கு முந்தின நாள். கெடு தாண்டினால் வானம் இடிந்து விழாது. அவன் நான்காவது வருடத்தை அதே பழைய குறைந்த சம்பளத்தில் ஆடுவான். அடுத்த கோடையில் ரெஸ்ட்ரிக்டட் ஃப்ரீ ஏஜென்ட் ஆவான், அதாவது வேறு எந்த அணி என்ன தொகை எழுதிக் கொடுத்தாலும் அதே தொகையை நீங்கள் கொடுத்து அவனை வைத்துக்கொள்ளலாம். விற்பதென்று முடிவு செய்தாலும் நடு சீசனில் பிப்ரவரி வரை விற்கலாம். ஹார்டனைக் குறைந்த சம்பளத்தில் இன்னும் ஒரு முழு சீசன் ஆடவைத்துக் கோப்பைக்குப் போய்ப் பார்த்திருக்கலாம். ஏறப்போகிற டேக்ஸ் அந்த சீசனுக்கு வரவும் இல்லை. "இப்போது கொடு, இல்லையென்றால் விற்றுவிடு" என்று இரண்டே வழி இருப்பதுபோல ரசிகர்கள் அடித்துக்கொள்வதுதான் எனக்குப் புரிவதே இல்லை. மூன்றாவது வழி விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது.

பணம்தான் பிரச்சினை என்றால் அதற்கும் வழி இருந்தது. தண்டரின் இன்னொரு ஆட்டக்காரர் கெண்ட்ரிக் பெர்கின்ஸ் வருடத்துக்குச் சுமார் 80 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டிருந்தார். அந்தப் புது ஒப்பந்தத்தில் அம்னெஸ்டி என்று ஒரு சலுகை. அணி ஒருமுறை மட்டும் ஒரு பழைய கான்ட்ராக்டைக் கழற்றிவிட்டு, அந்தச் சம்பளம் டேக்ஸ் கணக்கில் ஏறாமல் பார்த்துக்கொள்ளலாம். அவருக்குக் கையிலிருந்து சம்பளம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஊரில் பாதிப் பேர் இதைத்தான் கத்தினோம். செய்யவில்லை. (பெர்கின்ஸ் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. அவர் எதிரணிக்காரரை மறித்துப் போட்ட ஸ்க்ரீன்களால்தான் டுரான்டுக்கு இடம் கிடைத்தது என்று யாராவது எழுதுவீர்கள், ஒத்துக்கொள்கிறேன்.)

அந்த சீசன் என்ன ஆனது என்று கேட்டால், முதல் சுற்றில் ஹூஸ்டனையே சந்தித்தார்கள், வெஸ்ட்புரூக் முழங்காலில் அடிபட்டார், அடுத்த சுற்றில் மெம்ஃபிஸிடம் 4-1. டுரான்டுக்குக் கைகொடுக்க ஆள் இல்லை. அந்தக் கோடையிலேயே கெவின் மார்ட்டினும் கிளம்பிவிட்டார்.

இந்த ஆட்டங்களைப் பார்க்க நாங்கள் கேபிள் போட்டிருந்தோம். இணையச் சந்தா வாங்கினால் உள்ளூர் அணியின் ஆட்டத்தை மட்டும் மறைத்துவிடுவார்கள், அதனால் வேறு வழியில்லை. நான்கு பேர் பங்கு போட்டோம், இணைப்பு என் பெயரில். வீட்டைக் காலி செய்தபோது பெட்டியை நானே கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கினேன். பல மாதம் கழித்து, பெட்டி வரவில்லை, பணத்தைக் கட்டு என்று வசூல் கம்பெனியிலிருந்து கடிதம். ரசீதை அனுப்பினேன். மறுபடியும் கடிதம். போனில் பேசினால் ஒவ்வொரு முறையும் வேறு ஆள், முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். அதற்குள் கிரெடிட் ஸ்கோர் இறங்கி, முதல் கார் லோனுக்கு வட்டி அதிகம் கட்டினேன். இந்த மூவர் மாத்திரம் என்ன ஜாலியாக இருக்கிறார்கள் பாருங்கள், குண்டூர்க்காரன் உட்பட. இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரியும். புதிதாக அமெரிக்கா போகிற மாணவர்கள் படிக்கிற தளம் இது. இணைப்பை உங்கள் பெயரில் எடுக்காதீர்கள். ரசீதைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஹார்டன் டிரேடைப் பற்றி எழுதினாலே ஒரு கூட்டம் வரும். "இபாகாவை வைத்துக்கொண்டதால்தானே 2025இல் கோப்பை வந்தது" என்பார்கள். அவர்கள் சொல்லும் சங்கிலி உண்மைதான். 2016இல் இபாகாவை ஓர்லாண்டோவுக்குக் கொடுத்து விக்டர் ஒலடிப்போவையும் டொமான்டஸ் சபோனிஸையும் வாங்கினார்கள். 2017இல் அந்த இருவரைக் கொடுத்து பால் ஜார்ஜ். 2019இல் ஜார்ஜைக் கிளிப்பர்ஸுக்குக் கொடுத்து ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டரும் ஐந்து முதல் சுற்றுப் பிக்குகளும் கூடவே இன்னும் சிலவும். அதில் ஒரு பிக்கில்தான் 2022இல் ஜேலன் வில்லியம்ஸ் வந்தார். 2025 ஜூனில் இண்டியானாவை ஏழாவது ஆட்டத்தில் 103-91 என்று வென்று கோப்பை.

அழகான சங்கிலி. ஆனால் கவாய் லெனர்ட் என்ற நட்சத்திர ஆட்டக்காரர் பால் ஜார்ஜோடுதான் ஆடுவேன் என்று 2019இல் கிளிப்பர்ஸை நெருக்காவிட்டால் நடுவிலேயே அறுந்திருக்கும். அதை 2012இல் யார் கணக்குப் போட்டார்கள்? ஒரு முடிவு சரியா என்று பார்க்க 13 வருடம் கழித்து வந்த கோப்பையைக் காட்டினால், எந்த முடிவையும் நியாயப்படுத்திவிடலாம். நடுவில் டுரான்ட் 2016இல் கோல்டன் ஸ்டேட்டுக்குப் போனதை மட்டும் இந்தக் கூட்டம் வசதியாக மறந்துவிடும். ஹார்டன் இருந்திருந்தால் அவர் போயிருக்கவே மாட்டார் என்று நான் சொல்லவில்லை. சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது.

என் பக்கத்துக்குச் சாட்சி வேண்டுமானால் ஹார்டனை விற்ற அதே மேனேஜர்தான், சாம் பிரெஸ்டி. 2025 ஜூலையில், கோப்பை வாங்கின கையோடு, ஷேக்கு நான்கு வருடம் சுமார் 28.5 கோடி டாலர், செட் ஹோம்கிரெனுக்கு ஐந்து வருடம் 25 கோடி வரை, ஜேலன் வில்லியம்ஸுக்கு ஐந்து வருடம் 28.7 கோடி வரை. மூன்று பேருக்கும் ஒரே மாதத்தில். கெடு வரை இழுக்கவில்லை, ஐம்பது லட்சத்துக்குப் பேரம் பேசவில்லை. 2012-13இல் சாலரி கேப் (அணியின் சம்பள வரம்பு) 5.8 கோடி, 2025-26இல் 15.46 கோடி, அதனால் ஒப்பிடக் கூடாது என்பீர்கள். கேப் ஏறியது போலத்தான் சம்பளமும் ஏறியிருக்கிறது. தவிர, 2023 ஒப்பந்தத்தில் வந்த இரண்டாம் ஏப்ரன் என்ற மேல் எல்லை, 2025-26இல் 20.78 கோடி, பழைய டேக்ஸை விடக் கொடுமையானது. அதைத் தாண்டினால் இரண்டு ஆட்டக்காரர்களின் சம்பளத்தைச் சேர்த்து டிரேட் செய்யக்கூட விடமாட்டார்கள். 2024இல் கோப்பை வாங்கிய பாஸ்டன் அதற்குப் பயந்துதான் அடுத்த ஆண்டே ஜூரூ ஹாலிடேயையும் கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸையும் அனுப்பியது. யாரை அனுப்பினார்கள் என்று பாருங்கள். நட்சத்திரங்களான டேட்டமையும் பிரவுனையும் அல்ல, சுற்றி இருந்தவர்களை.

உங்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, மறைக்கமாட்டேன். காத்திருப்பதற்கும் விலை உண்டு. யூட்டா 2013இல் கார்டன் ஹேவர்டுக்கு எக்ஸ்டென்ஷன் கொடுக்கவில்லை. அடுத்த கோடையில் சார்லட் எழுதிக்கொடுத்த 6.3 கோடியை ஈடுகட்டி வைத்துக்கொண்டது. ஆனால் அந்தத் தாளில் கடைசி வருடம் ஆடுவதா வேண்டாமா என்பது அவர் விருப்பம், அதைப் பிடித்துக்கொண்டு 2017இல் பாஸ்டன் போய்விட்டார். ஃபீனிக்ஸும் டிஆண்ட்ரே ஏய்ட்டனை இதே மாதிரி இழுத்தடித்து, 2022இல் இண்டியானாவின் தொகையை ஈடுகட்டி, மறு வருடமே போர்ட்லாண்டுக்கு அனுப்பியது. இன்னொரு பக்கம் ஃபிலடெல்ஃபியா டைரீஸ் மேக்ஸியிடம் ஒரு வருடம் பொறு என்று சொல்லி, 2024இல் ஐந்து வருடம் சுமார் 20.4 கோடி கொடுத்தது, அவரும் முகம் சுளிக்கவில்லை. பையனிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

விற்றே ஆக வேண்டும் என்றால் கையெழுத்து வாங்கிவிட்டு விற்கலாம். ஹூஸ்டன் 2024 அக்டோபரில் ஜேலன் கிரீனுக்கு மூன்று வருட எக்ஸ்டென்ஷன் கொடுத்தது. அடுத்த கோடையில் அவரையும் டில்லன் புரூக்ஸையும் பத்தாவது பிக்கையும் சில இரண்டாம் சுற்றுப் பிக்குகளையும் கொடுத்து டுரான்டையே வாங்கியது. ரூக்கி சம்பளத்தில் இருக்கிற பையனை வைத்து அவ்வளவு பெரிய சம்பளத்துக்கு ஈடுகட்ட முடியாது.

அணியின் பெயரையும், பையன் கேட்பதற்கும் அணி சொல்வதற்கும் எவ்வளவு இடைவெளி என்பதையும் கமென்டில் போடுங்கள். அந்த அணியில் பெர்கின்ஸ் மாதிரி சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் யார் என்று முதலில் பார்த்துவிட்டு, அப்புறம் டிரேட் கணக்குப் போட்டுப் பார்க்கும் டிரேட் மெஷினைத் திறக்கலாம்.