கில்ட்டுக்கு எந்த ஜாக்கெட், எந்த வெயிஸ்ட்கோட்? ஸ்காட்லாந்துல வாங்குறவங்க கேள்விகள்

கேள்வி: கூட வேலை பாக்குற ஸ்காட்டிஷ் நண்பருக்கு கல்யாணம். சடங்கு மதியம் ரெண்டு மணிக்கு, ராத்திரி விருந்தும் டான்ஸும். கில்ட்ல (ஸ்காட்டிஷ் ஆம்பளைங்க கட்டுற, மடிப்பு வச்ச கட்டம் போட்ட பாவாடை) வரச் சொல்றார். பிரின்ஸ் சார்லி ஜாக்கெட்டா, ஆர்கைலா? (கிளாஸ்கோ)

பதில்: மொதல்ல பத்திரிகைய எடுத்து பாருங்க, பிளாக் டைன்னு (ராத்திரி விருந்துக்கான உடுப்பு முறை) போட்டிருக்கா இல்லையான்னு. பிரின்ஸ் சார்லி ராத்திரி உடுப்பு, கட்டையா இருக்கும், மார்ல மடிஞ்ச காலர் சாட்டின் துணில, உள்ள மூணு பட்டன் வெயிஸ்ட்கோட் (கையில்லாத உள்கோட்டு), கழுத்துல கருப்பு போ டை (பட்டாம்பூச்சி மாதிரி முடிச்ச டை), பழைய வழக்கப்படி சாயங்காலம் ஆறு மணிக்கு மேலதான் போடணும். ஆர்கைல் பகலுக்கு, அஞ்சு பட்டன் வெயிஸ்ட்கோட், சாதாரண நீள டை. இப்பல்லாம் மாப்பிள்ளைங்களே காலைலருந்து பிரின்ஸ் சார்லில நிக்கிறாங்க, வாடகைக் கடைலயும் அதைத்தான் மொதல்ல எடுத்துக் காட்றாங்க, அதனால போட்டா யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. ஆனா காசு போட்டு ஒண்ணே ஒண்ணுதான் வாங்கப் போறீங்கன்னா கருப்பு ஆர்கைல் வாங்குங்க. மதியம் டை, ராத்திரி அதே ஜாக்கெட்டுக்கு போ டை, முடிஞ்சுது. ட்வீட்ல (சொரசொரப்பான தடிச்ச கம்பளித் துணி) செஞ்ச ஆர்கைல் பாக்க ரொம்ப அழகு, எனக்கும் அதுதான் பிடிக்கும், ஆனா அது பகலோட சரி. ஸ்போரனும் (கில்ட்டுக்கு முன்னாடி தொங்குற சின்ன பை) இதே கணக்குதான், பகலுக்கு தோல்ல செஞ்சது, ராத்திரிக்கு முன்னாடி ரோமமும் மேல வெள்ளி நிற விளிம்பும் வச்சது. ரெண்டு வருஷத்துக்கு ஒரு கல்யாணம்தான் வரும்னா வாங்கவே வேணாம், வாடகைக்கு எடுங்க.

கேள்வி: ஆபீஸ் சூட்டோட கருப்பு கோட் இருக்கு. கில்ட்டுக்கு மேல அதையே போட்டுக்கலாமா?

பதில்: வேணாம். அது நீளம், கில்ட்டோட பாதி மடிப்ப மறைச்சிடும், முன்னாடி ஸ்போரன் தொங்க எடமே இருக்காது.

கேள்வி: வெயிஸ்ட்கோட்டுக்கு கீழ பெரிய பக்கிள் வச்ச பெல்ட் போடலாமா? செட்டோட சேத்து கொடுத்தாங்க.

பதில்: வெயிஸ்ட்கோட் போட்டா பெல்ட் கிடையாது. செட்ல வந்துச்சுங்கறதுக்காக போட வேண்டியதில்ல.

கேள்வி: ஆன்லைன்ல '8 கெஜம், சுத்த கம்பளி'ன்னு போட்டிருந்த கில்ட் செட் வாங்கினேன். ஜாக்கெட், வெயிஸ்ட்கோட் எல்லாம் சேர்த்து 240 பவுண்டு. வந்து ஒம்பது நாள் ஆச்சு. கில்ட் பிளாஸ்டிக் மாதிரி பளபளன்னு இருக்கு. கேட்டா "உங்க அளவுக்குன்னு செஞ்சது, ரிட்டர்ன் கிடையாது"ங்கறாங்க. என் தப்புதானா? (டண்டீ)

பதில்: உங்க தப்பு இல்லீங்க, ஒரு துளி கூட இல்ல. இந்த ஏமாத்து வேலைய பாத்து பாத்து எனக்கு வயிறு எரியுது, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

மொதல்ல நீங்களே சோதிச்சுக்கோங்க. முன்பக்கத் துணியோட ஓரத்துல குஞ்சம் இருக்கும், அதுல ஒரே ஒரு இழைய உருவி, துணிய தள்ளி வச்சிட்டு, சிங்க்ல அந்த இழைய கொளுத்துங்க. கம்பளின்னா முடி கருகுற நாத்தம் வரும், தீ தானா அணையும், சாம்பல விரல்ல நசுக்கினா பொடியாகும். அக்ரிலிக்னா (செயற்கை இழை) உருகி கெட்டியா ஒரு மணி மாதிரி நிக்கும். அடுத்தது டேப். மடிப்பெல்லாம் மேலதான் தச்சிருக்கும், கீழ திறந்துதான் இருக்கும், அதனால கீழ் ஓரத்த மடிப்பு மடிப்பா பிரிச்சு அளந்துட்டே போங்க. 8 கெஜம்னா ஏழேகால் மீட்டருக்கு கொஞ்சம் மேல வரணும். அப்புறம் பின்னாடி திருப்பி பாருங்க, நல்ல கில்ட்ல மடிச்ச பிறகும் கட்டம் முன்னாடி இருக்கற மாதிரியே ஓடும், இல்லன்னா கோடாவது ஒழுங்கா வரிசையா நிக்கும். மட்டமானதுல எது எங்க போகுதுன்னே தெரியாது.

இப்ப சட்டம். 36, 38ன்னு பட்டியல்ல இருந்து அளவ தேர்ந்தெடுத்து வாங்கின ரெடிமேட் 'உங்களுக்குன்னு செஞ்சது' ஆகாது. பிரிட்டன்ல 2013 விதிப்படி ஆன்லைன்ல வாங்கினத கைக்கு வந்து 14 நாளுக்குள்ள காரணமே சொல்லாம ரத்து பண்ணலாம், உங்களுக்கு இன்னும் நாள் இருக்கு. சரி, நெசமாவே அளவெடுத்து தச்சதுன்னே வைங்க, அப்பவும் அவங்க தப்பிக்க முடியாது. 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி பொருள் விளம்பரத்துல சொன்ன மாதிரி இருக்கணும். கம்பளின்னு சொல்லி அக்ரிலிக் கொடுத்தா 30 நாளுக்குள்ள திருப்பிக் கொடுத்து முழுப் பணமும் கேக்கலாம், அனுப்புற செலவும் அவங்களோடது. இந்த ரெண்டாவது சட்டத்த ஒரு விற்பனையாளரும் வாய் திறந்து சொல்றதில்ல, 'கஸ்டம்'ங்கற ஒரு வார்த்தைய சொல்லியே ஜனங்கள பயமுறுத்தி அனுப்பிடுறாங்க. எனக்கும் இப்படித்தான் நடந்துச்சு, ஒரு டூரிஸ்ட் கடைல கம்பளின்னு சத்தியம் பண்ணி கொடுத்த கில்ட், ஒரு மழைல நனைஞ்சதும் மடிப்பெல்லாம் அவிஞ்சு தொங்கிடுச்சு, போய் கேட்டா பில்ல துணி பேரே போடல. அதுலருந்து துணி பேர், எடை, எத்தன கெஜம், மூணும் எழுதித் தராத கடைல நான் நிக்கிறதே இல்ல. நல்ல கில்ட் துணின்னா கெஜத்துக்கு 13 அவுன்ஸ், 16 அவுன்ஸ்னு எடைய தயங்காம சொல்வாங்க.

இன்னிக்கே மெயில் போடுங்க, போட்டோவோட, விளம்பரத்தோட ஸ்க்ரீன்ஷாட்டோட. 'சொன்னபடி இல்ல, 2015 சட்டப்படி நிராகரிக்கிறேன், ஆர்டரையும் ரத்து பண்றேன்'னு தெளிவா எழுதுங்க. கிரெடிட் கார்டுல வாங்கியிருந்தா 1974 நுகர்வோர் கடன் சட்டம் 75ஆம் பிரிவு இருக்கு, 100 பவுண்டுக்கு மேல விலை உள்ள பொருளுக்கு கார்டு கம்பெனியும் பொறுப்பு, கடை வெளிநாட்டுல இருந்தாலும். டெபிட் கார்டுன்னா பேங்க்ல சார்ஜ்பேக் (கட்டின பணத்த பேங்க் மூலமா திருப்பி வாங்கறது) கேளுங்க. விடாதீங்க.

கேள்வி: சனிக்கிழமை ஃபங்ஷன். ஜீன்ஸ் சைஸ் 32, அதையே போட்டு ஆர்டர் பண்ணேன். கில்ட் பக்கிள் எட்ட மாட்டேங்குது. நீளமும் முட்டிக்கு கீழ போகுது. அவசரம்! (அபர்டீன்)

பதில்: தம்பி, அளவு எப்படி எடுக்கணும்னு எல்லா கடைலயும் எழுதித்தான் வச்சிருக்காங்க, ஒரு நிமிஷம் படிச்சிருந்தா இந்த லெட்டரே எழுத வேண்டியிருந்திருக்காது. ஜீன்ஸ் இடுப்புல நிக்கிறது, கில்ட் தொப்புள் மட்டத்துல, நாம வேட்டி கட்டுற எடத்துல நிக்கிறது, அங்க சுத்தளவு உங்களுக்கு 32 இல்ல. வேற ஒருத்தர டேப் பிடிக்கச் சொல்லி மூணு அளவு எடுங்க: தொப்புள் சுத்து, பின்பக்கம் ரொம்ப அகலமான எடத்து சுத்து, தொப்புள்லருந்து முட்டிச் சில்லு நடு வரைக்கும் நீளம். குனிஞ்சு நீங்களே எடுத்தா தப்பாத்தான் வரும். சனிக்கிழமைக்கு வாடகைக் கடைக்கு போங்க, இன்னிக்கே.

கேள்வி: நமக்கு குல டார்டன் (ஸ்காட்டிஷ் குலத்துக்குன்னு உள்ள கட்டத் துணி) கிடையாதே, எதை கட்டுறது? டை, வெயிஸ்ட்கோட், கில்ட் எல்லாம் ஒரே டார்டன்ல எடுத்தா எடுப்பா இருக்குமா? (எடின்பரோ)

பதில்: எதை வேணா கட்டலாம், தடுக்கற சட்டம் இல்ல. பிளாக் வாட்ச், ஹண்டிங் ஸ்டூவர்ட் ரெண்டும் எல்லாரும் கட்டுறது, அடர் நிறம், எந்த ஜாக்கெட்டுக்கும் ஒத்துவரும். 2009லருந்து அரசாங்கத்தோட டார்டன் பதிவேடே இருக்கு, ஆன்லைன்ல இலவசமா பாக்கலாம். ஆனா எல்லாத்தையும் ஒரே டார்டன்ல எடுக்காதீங்க. கில்ட்ல கட்டம் போதும். டை அந்த கட்டத்துல இருக்கற ஒரு அடர் நிறத்துல ப்ளெயினா இருக்கட்டும், கால்ல மாட்டுற நீள சாக்ஸ் க்ரீம் இல்ல கரும்பச்சை, ஃப்ளாஷ் பட்டிய (சாக்ஸோட மேல் மடிப்புக்கு கீழ எட்டிப் பாக்குற சின்ன துணிப் பட்டி) டை நிறத்துக்கு பொருத்துங்க. பட்டன், ஸ்போரன் விளிம்பு, பின் எல்லாம் வெள்ளி நிறம்னா வெள்ளியாவே வைங்க, நடுவுல தங்க நிறம் வேணாம். கில்ட்ல முன்னாடி ரெண்டு துணி ஒண்ணு மேல ஒண்ணா வரும், கில்ட் பின்ன அதுல மேல இருக்கற துணில மட்டும் குத்துங்க, ரெண்டு துணியையும் சேத்து குத்தினா உக்காரும்போது கிழியும்.

கேள்வி: அண்ணன் கல்யாணம் நியூ ஜெர்சில. சீல் (கடல்நாய்) தோல் ஸ்போரன், சாக்ஸ்ல செருகுற சின்ன கத்தி ரெண்டையும் கொண்டு போகலாமா?

பதில்: சீல் தோல் வேணாம், அமெரிக்கால 1972லருந்து கடல் பாலூட்டிப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, ஏர்போர்ட்லயே பிடுங்கிடுவாங்க. மாட்டுத் தோல் ஸ்போரன் எடுத்துட்டு போங்க, அதுலயும் ராத்திரிக்கு ஏத்த மாதிரி வெள்ளி விளிம்பு வச்சது கிடைக்கும். கத்தி செக்-இன் பெட்டில, உறையோட. ஸ்காட்லாந்துல தேசிய உடுப்போட சேர்ந்ததுன்னு அதுக்கு சட்டத்துலயே விலக்கு இருக்கு, ஆனா அந்த விலக்கு அமெரிக்கால செல்லாது, அதனால கல்யாண மண்டபத்துல முன்கூட்டியே கேட்டுக்கோங்க. கூடாதுன்னா, பிளேடே இல்லாம பிடி மட்டும் வச்சது விக்கிறாங்க, வெளிய பாத்தா வித்தியாசம் தெரியாது.